ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தில்

2022 ஆகஸ்ட் 7 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் மும்முறை தாண்டுதல் இறுதிச்சுற்று நடந்தது. எல்தோஸ் பால் தன் மூன்றாவது முயற்சியில் 17.03 மீட்டர் தாண்டினார். அப்துல்லா அபூபக்கர் ஐந்தாவது முயற்சியில் 17.02 மீட்டர் தாண்டினார். தங்கம், வெள்ளி இரண்டும் இந்தியாவுக்கு வந்தன. காமன்வெல்த் மும்முறை தாண்டுதலில் இந்தியர் ஒருவர் தங்கம் வென்றது அதுவே முதல் முறை. முதல் இரண்டு இடத்தையும் பிடித்த இவர்கள் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். இடுக்கி மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் கோதமங்கலத்தின் மார் அத்தனேசியஸ் கல்லூரி அது. வெண்கலம் வென்ற பெர்முடா வீரர் தாண்டியது 16.92 மீட்டர். நான்காவதாக வந்த தமிழ்நாட்டின் பிரவீண் சித்திரவேல் 16.89 மீட்டர். நான்கு சென்டிமீட்டர் கூடியிருந்தால் மேடையின் மூன்று படிகளிலும் இந்தியர்களே நின்றிருப்பார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்பு, அதே மைதானத்தில், பாலக்காட்டைச் சேர்ந்த முரளி ஸ்ரீசங்கர் நீளம் தாண்டுதலில் 8.08 மீட்டர் தாண்டினார். பஹாமாஸ் நாட்டின் லகுவான் நைர்னும் சரியாக 8.08 மீட்டர்தான் தாண்டியிருந்தார். சமநிலை வந்தால் இருவரின் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்க்க வேண்டும் என்பது விதி. நைர்னுக்கு அது 7.98, ஸ்ரீசங்கருக்கு 7.84. அதனால் ஸ்ரீசங்கருக்கு வெள்ளி. பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் கணிதம் படித்த இளைஞர் அவர்.

ஒரே ஆண்டில் மூன்று பதக்கங்கள். மூன்றையும் தீர்மானித்தது சுண்டுவிரலின் அகலம்கூட இல்லாத இடைவெளி. இவ்வளவு நெருக்கம் ஏன் வருகிறது? ஒரு மனித உடல் எட்டு மீட்டர் தூரத்தைக் காற்றில் கடக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது? தமிழகத்தை ஒட்டிய இடுக்கி மலைச்சாரலிலிருந்தும் பாலக்காட்டுக் கணவாயிலிருந்தும் ஏன் இத்தனை பேர் வருகிறார்கள்?

கணவாயும் மலைவாசலும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு தாண்டிப் போகிறவர்களுக்கு அந்தக் காற்று பழக்கமானது. தெற்கே, மதுரையிலிருந்து தேனி, போடி, மூணாறு, அடிமாலி வழியாகக் கொச்சிக்கு இறங்கும் நெடுஞ்சாலை, நேரியமங்கலத்தில் 1935இல் கட்டப்பட்ட பாலத்தில் பெரியாற்றைக் கடக்கிறது. அங்கே இடுக்கி மாவட்டம் முடிகிறது. அடுத்து வரும் பெரிய ஊர் கோதமங்கலம்.

கேரள மாநிலப் பள்ளித் தடகளப் போட்டிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் இந்த இரு பகுதிகளின் பெயரைச் சேர்த்தே சொல்வார்கள். கோதமங்கலத்தின் செயின்ட் ஜார்ஜ், மார் பேசில் பள்ளிகள் ஒரு பக்கம். பாலக்காட்டின் பரளி, முண்டூர், கல்லடி குமரம்புத்தூர் பள்ளிகள் மறுபக்கம். பல ஆண்டுகள் நீடித்த போட்டி இது. பள்ளியில் தேறிய பிள்ளைகளை ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் கல்லூரி விளையாட்டு விடுதியும் அடுத்த கட்டத்துக்கு ஏந்திச் செல்கின்றன. பதினாறு வயதில் கிடைத்த பயிற்சி இருபது வயதில் அறுந்துபோகாமல் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய பலன். தாண்டுதல் போன்ற விளையாட்டில் அது எவ்வளவு முக்கியம் என்பது, தாண்டலின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் புரியும்.

ஓட்டத்தில் பிறக்கும் உயரம்

நீளம் தாண்டுகிறவருக்கு வலுவான கால் வேண்டும் என்று நினைப்போம். வலு வேண்டும்தான். ஆனால் தூரத்தைத் தருவது ஓட்டம். உலகத்தர ஆண் வீரர் நாற்பது மீட்டருக்கும் மேல் ஓடி வந்து, பலகையை நெருங்கும்போது விநாடிக்குப் பத்தரை மீட்டரை ஒட்டிய வேகத்தில் இருப்பார். மணிக்கு 38 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பலகை மேல் ஒரு காலை ஊன்றுகிறார். கால் பலகையில் இருக்கும் நேரம் விநாடியில் பத்தில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம். அதற்குள் உடலை மேல்நோக்கித் திருப்பிவிட வேண்டும்.

பள்ளிக்கூட இயற்பியலில், எறியப்படும் பொருள் 45 பாகைக் கோணத்தில் கிளம்பினால் அதிக தூரம் போகும் என்று படித்திருப்போம். நீளம் தாண்டும் வீரர்கள் கிளம்புவது ஏறத்தாழ 20 பாகையில். படித்த விதி பொய்யா? விதி சரிதான், ஆனால் அது எந்தக் கோணத்தில் எறிந்தாலும் வேகம் மாறாத பொருளுக்கானது. மனிதக் காலால் அந்தக் குறுகிய நேரத்தில் உண்டாக்க முடிகிற மேல்நோக்கிய வேகம் விநாடிக்கு மூன்றரை மீட்டரைத் தாண்டுவது கடினம். 45 பாகை வேண்டுமென்றால் முன்னோக்கிய வேகத்தையும் அதே மூன்றரைக்குக் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்துத் தாண்டினால் கிடைப்பது மூன்று மீட்டர் தூரம். ஓட்ட வேகத்தைக் கூடுமானவரை காப்பாற்றிக்கொண்டு, கொஞ்சம் மட்டும் விட்டுக்கொடுத்து உயரம் வாங்குவதே எட்டு மீட்டருக்கான வழி.

அந்த உயரம் எப்படி வாங்கப்படுகிறது? வேகமாகப் போகும் சைக்கிளின் முன்சக்கரம் கல்லில் முட்டினால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு எழும். முன்னோக்கிய வேகம் தடைப்பட்டு மேல்நோக்கி மாறுகிறது. தாண்டும் வீரரும் கடைசிக்கு முந்தைய அடியை நீட்டி வைத்து இடுப்பைத் தாழ்த்துகிறார். கடைசி அடியைக் குறுக்கி, முழங்காலை விறைப்பாக வைத்துக் காலைத் தனக்கு முன்னால் ஊன்றுகிறார். உடல் அந்தக் காலின் மேல் சுழன்று எழுகிறது. விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் மூன்று மீட்டருக்கும் அதிகமான மேல்நோக்கு வேகம் வர வேண்டுமென்றால், கால் தாங்கும் சராசரி விசையே உடல் எடையைப் போல் நான்கு மடங்கு ஆகிறது. ஊன்றும் கணத்தின் உச்ச விசை அதைவிட மிக அதிகம். அந்த நொடியில் முழங்கால் சற்று மடங்கிவிட்டாலும் உயரம் போய்விடும்.

கால் பலகையை விட்டு எழுந்தபின் உடலின் ஈர்ப்பு மையம் போகும் பாதை முடிவாகிவிடுகிறது. காற்றில் நடப்பதுபோல் வீரர் கால்களை வீசுவது முன்னே செல்வதற்காக என்று தோன்றும். முன்பக்கம் குப்புறக் கவிழாமல் உடலை நிறுத்திவைக்கவே அந்த வீச்சு. இறங்கும்போது குதிகாலை எவ்வளவு முன்னே நீட்டுகிறார், பின்னால் சாய்ந்து கையூன்றி மணலில் தடம் விடாமல் எப்படித் தப்புகிறார் என்பதில் மட்டுமே இனிச் சில சென்டிமீட்டர் மிச்சமிருக்கிறது.

ஒரு சென்டிமீட்டர் என்பதை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். பறக்கும்போது முன்னோக்கிய வேகம் விநாடிக்கு எட்டரை, ஒன்பது மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சென்டிமீட்டரைக் கடக்க ஆகும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம். எல்தோஸுக்கும் அப்துல்லாவுக்கும் இடையே இருந்தது அவ்வளவுதான்.

பலகையைக் கண்டுபிடிக்கும் கண்

தாண்டுபலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். அதன் முன்விளிம்பிலிருந்துதான் அளவு எடுப்பார்கள். அந்த விளிம்புக்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னால் காலை ஊன்றினால் அந்த ஐந்தும் நஷ்டம். விளிம்பைத் தாண்டிவிட்டால் முழுத் தாண்டலும் பவுல். 2021 நவம்பரிலிருந்து விதி இன்னும் கறாராகிவிட்டது. முன்பு விளிம்பை ஒட்டிச் சாய்வாக வைத்த களிமண்ணில் தடம் விழுந்ததா என்று பார்த்தார்கள். இப்போது, கால் தரையை விட்டு எழுவதற்குள் ஷூவின் நுனி விளிம்புக்கு நேர்மேலே உள்ள செங்குத்துக் கோட்டைக் கடந்தாலே கொடி சிவப்பு. பர்மிங்ஹாமில் ஸ்ரீசங்கரின் நான்காவது தாண்டல் இப்படித்தான் மயிரிழையில் பவுலானது.

இருபது அடிகள் முழுவேகத்தில் ஓடி வந்து 20 சென்டிமீட்டர் பலகையில் கால் வைப்பது எப்படி முடிகிறது? ஒவ்வோர் அடியும் எந்திரம்போல் ஒரே அளவாகப் பயிற்சியில் பதிந்துவிடுகிறது என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். 1982இல் ஆய்வாளர் டேவிட் லீயும் அவருடைய சகாக்களும் தேர்ந்த வீரர்களின் காலடித் தடங்களை அளந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. ஓட்டத்தின் பெரும்பகுதியில் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. கடைசிச் சில அடிகளில் பிழை சட்டென்று குறைகிறது. அதாவது வீரர் பலகையைப் பார்த்து, தான் அறியாமலே கடைசி அடிகளை நீட்டியும் குறுக்கியும் சரிசெய்கிறார். மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் கண்ணும் காலும் நடத்தும் பேச்சுவார்த்தை அது. இதைப் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது. ஆண்டுக்கணக்கில் ஓடி ஓடித்தான் கண் தேறும்.

மூன்று பங்காகப் பிரியும் வேகம்

மும்முறை தாண்டுதலில் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. முதலில் எழும்பிய காலிலேயே இறங்க வேண்டும். அதே காலில் மீண்டும் எழும்பி மறுகாலில் இறங்க வேண்டும். பிறகு அந்தக் காலால் எழும்பி மணலில் விழ வேண்டும். ஒவ்வொரு முறை தரையைத் தொடும்போதும் வேகம் கொஞ்சம் கரையும். முதல் பங்கிலேயே ஆசைப்பட்டு உயரமாக எழும்பினால் இறங்கும் கால் தாங்காது, அடுத்த இரண்டும் கெட்டுவிடும். அடக்கி வாசித்தால் மொத்தத் தூரம் குறையும். நடுப் பங்குதான் பெரும்பாலும் மிகக் குறுகியது, உடலுக்கு மிகக் கடினமானதும் அதுவே. அங்கே ஒற்றைக் கால் தாங்கும் உச்ச விசை உடல் எடையைப் போல் பத்து மடங்கைத் தாண்டுகிறது. எழுபது கிலோ இளைஞரின் கணுக்காலில் ஒரு கணத்துக்கு 700 கிலோவுக்கும் மேற்பட்ட சுமை.

இந்தச் சுமையைத் தாங்கும் காலை எப்படித் தயார்செய்வது என்று யோசித்ததில்தான் நவீனப் பயிற்சிமுறை ஒன்று பிறந்தது. சோவியத் ரஷ்யாவில் யூரி வெர்கோஷான்ஸ்கி என்ற பயிற்சியாளர் மும்முறை தாண்டும் வீரர்களைக் கவனித்தார். பளு தூக்குவதால் மட்டும் கிடைக்காத ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது: இறங்கிய கணத்திலேயே திருப்பி எழும்பும் திறன். சிறு உயரத்திலிருந்து குதித்து, தரையைத் தொட்டதும் உடனே மேலே எழும்பும் பயிற்சியை அவர் வகுத்தார். பிளையோமெட்ரிக்ஸ் என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. இன்று கல்லூரிக் கூடைப்பந்து, கைப்பந்து அணிகள் பெட்டிகளின் மேல் ஏறிக் குதித்துப் பழகுவதற்கு மூலம் அதுதான். ஓடிவந்து எழும்பி வளையத்தில் பந்தைப் போடும் (லே-அப்) கூடைப்பந்து வீரரும், கடைசிக்கு முந்தைய அடியில் இடுப்பைத் தாழ்த்தி வேகத்தை உயரமாக மாற்றுகிறார். அவர் குறிவைப்பது வளையத்தை என்பதால் உயரத்துக்கு அதிக வேகத்தைக் கொடுக்கிறார்.

காற்று கொடுப்பது, விதி கழிப்பது

2022 ஏப்ரலில், கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தின் தேஞ்ஞிப்பாலம் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பைப் போட்டி நடந்தது. தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஸ்ரீசங்கர் 8.36 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். ஆனால் புதிய தேசிய சாதனை என்று பதிவானது ஸ்ரீசங்கரின் 8.36. ஜெஸ்வின் தாண்டியபோது பின்னாலிருந்து வீசிய காற்றின் வேகம் விநாடிக்கு 4.1 மீட்டர். இரண்டு மீட்டருக்கு மேல் போனால் தாண்டல் போட்டிக்குச் செல்லும், சாதனைப் பட்டியலுக்குச் செல்லாது.

காற்றை அளக்கும் கருவி பலகையிலிருந்து 20 மீட்டர் தள்ளி, 1.22 மீட்டர் உயரத்தில் நிற்கும். வீரர் பலகைக்கு 40 மீட்டர் முன்னால் உள்ள குறியைக் கடந்ததும் ஐந்து விநாடி அளவெடுக்கும். மும்முறை தாண்டுதலுக்கு அந்தக் குறி 35 மீட்டரில். பறக்கும் நேரத்தை விட ஓடும் நேரத்தையே விதி அதிகம் கவனிப்பதற்குக் காரணம் உண்டு. பின்காற்று வீரரைக் காற்றில் தள்ளிச் செல்வதால் கிடைக்கும் லாபம் சிறியது. ஓடும்போது எதிர்ப்பு குறைந்து வேகம் கூடுவதே பெரிய லாபம். தூரம் ஏறத்தாழ வேகத்தின் இருமடியைப் பொறுத்து வளர்வதால், வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு கூடினாலும் தூரத்தில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கூடிவிடும்.

காற்றுக்குப் பெயர்போன பகுதி இது. கணவாயின் காற்றை நம்பித்தான் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நிறுவினார்கள். இடுக்கியில், கம்பம் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும் இராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. இரு மலைத்தொடருக்கு நடுவே அகலம் குறையும் இடத்தில் காற்று விரைவது இயற்கை. தென்மேற்குப் பருவத்தில் அது மேற்கிலிருந்து வரும், பனிக்காலத்தில் கிழக்கிலிருந்து திரும்பி வரும். இத்தகைய இடத்தில் பழகும் வீரருக்குக் காற்று ஒரு நாள் துணை, மறுநாள் பகை. பின்காற்றில் அடிகள் நீண்டுவிடும், பலகையில் பவுலாகும். எதிர்க்காற்றில் அடிகள் குறுகிப் பலகைக்கு எட்டாமல் போகும். காற்றைப் பார்த்து ஓட்டத்தின் தொடக்கக் குறியைச் சில அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தத் தெரிவதும் வீரரின் படிப்பில் சேர்ந்ததே.

மூணாறும் பூமியின் இழுப்பும்

உயரமான ஊரில் காற்று மெலிந்திருக்கும். 1968இல் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். அதுவரை உலக சாதனை 8.35. ஒரே தாண்டலில் 55 சென்டிமீட்டர். அன்று காற்றும் அனுமதியின் எல்லையான 2.0இல் சரியாக நின்றது. மெல்லிய காற்றும் பின்காற்றும் சேர்ந்துகூட அந்த வியப்பின் சிறு பகுதியைத்தான் விளக்குகின்றன. மீதி பீமனுடையது. 1991இல் டோக்கியோவில், கடலோர ஊரில், 0.3 காற்றில் மைக் பவல் 8.95 தாண்டி அதைக் கடந்தார். அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள இடத்தில் நிகழும் தாண்டலுக்குப் பக்கத்தில் தனிக் குறி இடுவார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூணாறில் யாராவது சாதனை செய்தால் அந்தக் குறி அவருக்கும் உண்டு.

யாரும் குறி இடாத ஒன்றும் இருக்கிறது. பூமி சுழல்வதாலும், நடுவில் சற்றுப் பருத்திருப்பதாலும், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறைகிறது. கோழிக்கோட்டில் ஈர்ப்பு முடுக்கம் 9.78, பர்மிங்ஹாமில் 9.81. வித்தியாசம் ஆயிரத்தில் மூன்று பங்கு. பலகையை விட்டு எழும் வேகமும் கோணமும் ஒன்றாகவே இருந்தால், கோழிக்கோட்டில் தாண்டுகிறவர் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகப் போவார். தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்த இடைவெளியைவிட இது பெரிது! ஒரே மைதானத்தில் தாண்டுகிறவர்களுக்குள் இதனால் ஏற்றத்தாழ்வு வராது. வெவ்வேறு நாடுகளின் சாதனைகளை ஒப்பிடும்போது மட்டும், பூமியே ஒரு கை கொடுத்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ளலாம்.

பக்கத்தில் ஒருவர்

1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் கேரளத்தின் டி.சி. யோகன்னான் 8.07 மீட்டர் தாண்டினார். அந்த இந்திய சாதனையை இன்னொருவர் கடக்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. 2004இல் அம்ரித்பால் சிங் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகத் தாண்டினார். பிறகு வேகம் பிடித்தது. ஸ்ரீசங்கர் 2018இல் 8.20, 2021இல் 8.26, 2022இல் 8.36. 2023 மார்ச்சில் ஜெஸ்வின் 8.42. மூன்று மாதம் கழித்துப் புவனேஸ்வரத்தில் ஸ்ரீசங்கர் 8.41. மும்முறை தாண்டுதலிலும் பர்மிங்ஹாமில் பதக்கத்தைத் தவறவிட்ட பிரவீண், அடுத்த மே மாதம் ஹவானாவில் 17.37 தாண்டித் தேசிய சாதனையைத் தனதாக்கிக்கொண்டார்.

முப்பது ஆண்டு அசையாத எல்லை ஐந்தாண்டுகளில் இவ்வளவு நகர்ந்ததன் விடை, அந்த ஒரு சென்டிமீட்டர்களில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தனியொருவர் எவ்வளவு திறமையாளராக இருந்தாலும் தன் பழைய அளவோடு மட்டுமே மோத முடியும். அதே மணற்குழியில், அதே வெயிலில், அதே காற்றில் இன்னொருவர் ஒரு சென்டிமீட்டர் முன்னால் விழும்போது, எட்ட முடியாதது என்று எதையும் உடல் ஒப்புக்கொள்வதில்லை. 2022 ஜூலையில் அமெரிக்காவின் யூஜின் நகரில் நடந்த உலகப் போட்டியில் ஸ்ரீசங்கர் நீளம் தாண்டுதலிலும், எல்தோஸ் மும்முறை தாண்டுதலிலும் இறுதிச்சுற்றுக்குப் போனார்கள். அந்தந்தப் பிரிவில் அங்கே நுழைந்த முதல் இந்திய ஆண்கள் அவர்கள். நீளம் தாண்டுதலில் சீன வீரர் வாங் ஜியானன் தங்கம் வென்ற தூரம் 8.36. ஏப்ரலில் தேஞ்ஞிப்பாலத்தில் ஸ்ரீசங்கருக்கு வெள்ளி தந்த அதே தூரம்.

தசைநாணின் பொறுமை

இந்தக் கதையில் வலியும் உண்டு. 2024 ஏப்ரலில், பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில மாதம் முன்பு, பயிற்சியின்போது ஸ்ரீசங்கரின் முழங்கால் தசைநாண் அறுந்தது. ஒலிம்பிக் கைநழுவியது. பத்து மடங்கு சுமையை வாங்கித் திருப்பித் தருவது இந்தத் தசைநாண்கள்தான். இழுபட்டு ஆற்றலைச் சேமித்து, சுருங்கும்போது விடுவிக்கின்றன. தசையைப் போல் இவற்றுக்கு ரத்த ஓட்டம் தாராளமாக இல்லை. அதனால் தசையைவிடத் தசைநாண் வலுப்பெற அதிக காலம் பிடிக்கும். அறுந்தால் ஆறுவதும் அப்படியே. அறுவை சிகிச்சைக்குப் பின் 2025 ஜூலையில் புனேயில் மீண்டும் களமிறங்கிய ஸ்ரீசங்கர் 8.05 மீட்டர் தாண்டி வென்றார்.

பள்ளி முதல் கல்லூரி வரை அறுபடாத பயிற்சி ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் கிடையாது. ஓட்டத்தை வேகமாக்கும் தசையை ஓரிரு ஆண்டில் வளர்த்துவிடலாம். அந்த வேகத்தைத் தாங்கும் தசைநாணும், பலகையைக் கண்டுபிடிக்கும் கண்ணும் மெதுவாகவே தேறுகின்றன. பதினான்கு வயதில் தொடங்கி இருபத்தைந்து வயது வரை ஒரு பிள்ளையைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஊர்தான் எட்டு மீட்டர் தாண்டும் வீரரைப் பெறும். ஸ்ரீசங்கரின் தந்தை முரளி மும்முறை தாண்டுதலில் நாட்டுக்காக விளையாடியவர், மகனைப் பயிற்றுவித்தவரும் அவரே. எல்லாப் பிள்ளைக்கும் அப்படியொரு வீடு வாய்க்காது. வாய்க்காதவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு பள்ளியும் ஒரு கல்லூரி விடுதியும் நிற்கின்றன.

தாண்டுதலுக்குப் பெரிய அரங்கம் தேவையில்லை. நேரான ஓடுபாதை, ஒரு பலகை, கிளறிவிட்ட மணல், தவறாமல் வரும் ஒரு பயிற்சியாளர் போதும். கணவாயின் இந்தப் பக்கத்திலும், மலையின் இந்தச் சாரலிலும் உள்ள நம் ஊர்ப் பள்ளிகளில் இந்த நான்கும் பத்தாண்டு தொடர்ந்து இருந்தால், அடுத்த ஒரு சென்டிமீட்டர் அங்கிருந்தும் வரும்.